மஞ்சள் கடுதாசி

“அவரா? மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டு உக்காந்துட்டாரே!” புவனகிரிக் கடைத்தெருவில் ஒருவரைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் மேற்கொண்டு விசாரிக்க ஒன்றும் இல்லை. கேட்டவர் உச்சுக்கொட்டுவார், கூடவே, அந்த ஆளிடமிருந்து தனக்கு வரவேண்டிய பாக்கி ஏதாவது உண்டா என்று மனக்கணக்கும் ஓடும். எந்தக் கோர்ட், என்ன மனு, கோர்ட் அதை ஏற்றதா தள்ளியதா என்று யாரும் கேட்பதில்லை. சிதம்பரம், சேத்தியாத்தோப்பு, குறிஞ்சிப்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் பொருள் ஒன்றுதான்: வாங்கிய கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட் மூலமாகவே கையை விரித்துவிட்டார். மேற்கே ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இதையே ‘ஐ.பி. கொடுத்துட்டான்’ என்பார்கள், இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் முதலெழுத்துகள். தெலுங்கிலும் ‘ஐ.பி. பெட்டாடு’ என்பது வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது.

கடுதாசியிலிருந்து தொடங்கலாம், அதன் வரலாறு கொஞ்சம் தெளிவு. புவனகிரியைத் தொட்டுக்கொண்டு ஓடும் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. போர்த்துகீசியர் அதற்கு வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம். பதினாறாம் நூற்றாண்டில் இந்தியக் கடலில் சரக்கேற்றிச் செல்லும் கப்பல்கள் அவர்களிடம் பணம் கட்டி ஒரு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதன் பெயர் கார்த்தாஸ். சீட்டு இல்லாத கப்பலும் சரக்கும் பறிமுதலாகும். கடுதாசி இந்தக் கார்த்தாஸின் வழியில் வந்த சொல் என்றுதான் அகராதிகள் சொல்கின்றன. காதல் கடிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நாம் புழங்குகிற சொல், கையில் இல்லாவிட்டால் கப்பலையே இழக்க வைக்கும் ஒரு தாளின் பெயராகத்தான் முதலில் இருந்திருக்கிறது.

போர்த்துகீசியர் விட்டுப்போனது இதோடு நிற்கவில்லை. கடன்பட்டவர் வீட்டில் கடைசியாக நடக்கும் ஏலமும் அவர்களுடைய லெய்லாவ்தான். ஏலத்துக்கு வரும் அலமாரி, மேசை, பூட்டின சாவி, அந்த வேடிக்கையைப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கிற ஜன்னல் எல்லாமே அவர்கள் சொல்தான். எடுத்துப்போக வருகிற அமீனாவும் அவர் செய்கிற ஜப்தியும் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தவை. அமீன் என்றால் நம்பத்தக்கவர் என்று பொருள். வாசலில் அமீனா வந்து நிற்கும்போது அந்தப் பொருள் யாருக்கும் நினைவுக்கு வராது. ‘வாய்தா’வும் அரபிதான், வாக்குக் கொடுப்பது என்று பொருள். எடுக்கச் சொல்கிற டிகிரி இங்கிலீஷ். இத்தனை சொல்லுக்கும் நடுவில் கடன் ஒன்றுதான் சுத்தத் தமிழ்.

மஞ்சளுக்கு வருவோம். திவால் மனு விசாரணைக்கு வந்திருக்கிறது என்று கோர்ட்டிலிருந்து கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் நோட்டீஸ் ஒரு காலத்தில் மஞ்சள் தாளில் இருந்தது, அதனால் வந்த பெயர் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இன்றைக்கும் நடப்பில் இருக்கும் 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டத்தின் பிரிவுகளைப் புரட்டினால் நோட்டீஸ் உண்டு, அரசிதழ் அறிவிப்பு உண்டு, தாளின் நிறம் பற்றிப் பேச்சே இல்லை. ஆக, சட்டம் சொல்லாத ஒரு நிறத்தை ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது. தாள் மஞ்சளாக இருந்ததால் மட்டும் ஒரு சொல் இத்தனை காலம் நிற்காது என்பது என் எண்ணம். நம் வீடுகளில் மஞ்சள் பூசி வரும் கடிதம் சுபகாரியத்துக்கானது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தால் போய்ச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வருவோம். மஞ்சள் கடுதாசி வாங்கினவரும் ‘மொய் எழுதினதா நெனச்சுக்க வேண்டியதுதான்’ என்றுதான் தலையில் அடித்துக்கொள்கிறார். சாப்பாடு மட்டும் இல்லை. அந்தக் கசப்பான கிண்டல்தான் சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

தற்செயலாக ஒன்று. ஸ்காட்லாந்தில் 1606இல் ஒரு நீதிமன்ற விதி வந்தது. கடன் கட்ட முடியாதவர்கள் எடின்பரோ நகரின் சந்தைச் சதுக்கத்தில் போட்டிருக்கும் கல்மேடையில் எல்லோரும் பார்க்க உட்கார வேண்டும். தலையில் மஞ்சள் தொப்பி அணிய வேண்டும். பின்னால் அது பாதி மஞ்சளும் பாதி பழுப்புமான மேலங்கியாக மாறியது. அதற்கும் நம் மஞ்சளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அங்கே நிறம் கடன்பட்டவன் தலையில் இருந்தது, இங்கே கடன் கொடுத்தவன் கைக்கு வந்து சேர்ந்தது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவாவது நம் ஆட்கள் கொடுத்துவைத்தவர்கள்.

‘கொடுத்தான்’ என்ற வினையையும் கவனிக்க வேண்டும். நடப்பது இதுதான்: கடன்பட்டவர் கோர்ட்டில் மனு போடுகிறார், கோர்ட் தேதி குறித்து அவருடைய கடன்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்புகிறது. நோட்டீஸ் கொடுப்பது கோர்ட். ஊர்ப்பேச்சு கோர்ட்டை நடுவிலிருந்து தூக்கிவிட்டு, கடனாளியே நேராக வந்து முகத்துக்கு நேரே நீட்டியதைப் போல ஆக்கிவிடுகிறது. ஒரு வகையில் சட்டமும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. ‘இனி என்னால் கட்ட முடியாது’ என்று கடனாளி தன் கடன்காரர்களில் யாருக்காவது அறிவிப்புக் கொடுத்தாலே அது திவால் செயல்களில் ஒன்று என்று 1920 சட்டம் எண்ணுகிறது. அப்படி அறிவிப்பு வந்த மூன்று மாதத்துக்குள், 500 ரூபாயோ அதற்கு மேலோ வரவேண்டியவர் தானே கோர்ட்டுக்குப் போய் ‘இவரைத் திவாலானவர் என்று அறிவியுங்கள்’ என்று கேட்கலாம். ஆனால் புவனகிரியில் யாரும் இந்த நுணுக்கத்தை மனதில் வைத்துப் பேசுவதில்லை. ஒரு பேங்கோ சீட்டுக் கம்பெனியோ விழுந்தால் ‘மூழ்கிப் போச்சு’ என்கிறோம், மழைவெள்ளம் வந்து போனதைப் போல. தனியாள் விழுந்தால் மட்டும் ‘கொடுத்துட்டான்’. வேண்டுமென்றே செய்த வேலை. கடுக்காய் கொடுத்தான், நாமம் போட்டான், கம்பி நீட்டினான் என்று இந்த வரிசையே கடன் கொடுத்தவர் வாயிலிருந்து பிறந்தது.

தமிழில் கடன் பணத்தை மட்டும் குறித்த சொல் இல்லை. புறநானூற்றில் தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒரு கடன், அரசனுக்கு ஒரு கடன் என்று பொன்முடியார் பாட்டில் வரிசையாக வரும். எல்லாம் கடமை. காலைக்கடன், நேர்த்திக்கடன், நன்றிக்கடன் என்று அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அரைமனதோடு ஒரு வேலையைச் செய்தால் ‘கடனே என்று’ செய்கிறோம். பணத்துக்கு வந்தபோது இந்தச் சொல் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. கடன்காரன் என்றால் யார்? ‘வாசலில் கடன்காரன் நிற்கிறான்’ என்றால் கொடுத்தவன். ‘என்னைக் கடன்காரன் ஆக்கிட்டான்’ என்றால் வாங்கினவன். ஒரே சொல் மாமனாரையும் மருமகனையும் சேர்த்துக் குறிப்பதைப் போன்ற வினோதம் இது, ஆனால் புழங்குபவர்களுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. குழம்பினது கோர்ட்தான். டிகிரிதாரர் என்றும் தீர்ப்புக் கடனாளி என்றும் இரண்டு பேரைப் பிரித்து எழுதினால்தான் அங்கே வேலை நடக்கும்.

டிகிரிக்கு முன்னால் இங்கே கடனை எப்படி வசூலித்தார்கள் என்பதற்கு மார்க்கோ போலோ ஒரு சாட்சி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர் ஆட்சியிலிருந்த மாபார்க் கரைக்கு வந்தவர் அவர். கடன் கொடுத்தவர் பலமுறை கேட்டும் நாளைக் கடத்துகிற கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், பணத்தைக் கொடுக்கிற வரைக்குமோ பிணை காட்டுகிற வரைக்குமோ அவர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மரண தண்டனை என்று எழுதியிருக்கிறார். தான் கண்ணால் கண்டது என்று ஒன்றையும் சேர்க்கிறார்: அந்த நாட்டு அரசன் ஒரு வெளிநாட்டு வணிகனுக்குத் தரவேண்டிய பணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான், ஒருநாள் குதிரையில் போகும்போது வணிகன் குதிரையையும் சேர்த்து வட்டம் போட்டுவிட்டான், பணம் வந்து சேருகிற வரை அரசன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

இந்த வட்டத்துக்கு உள்ளூரில் என்ன பெயர் என்று போலோ எழுதவில்லை. நம்மிடம் இருக்கும் சொற்களில் அதற்குப் பக்கத்தில் வருவது மறியல். மறித்தல் என்றால் மேலே போகவிடாமல் தடுப்பது. தடுத்து வைத்தல், கைது என்ற பொருள்கள் பழைய அகராதிகளில் மறியலுக்கு உண்டு. இலங்கையில் இன்னும் சிறைக்காவலில் வைப்பது விளக்கமறியல்தான். தமிழ்நாட்டில் அதைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். தண்ணீர் வரவில்லை என்றால் குடத்தோடு சாலை மறியல். அதன் பக்கத்திலேயே உட்காருகிற தர்ணாவும் கடனின் பிள்ளை. கடன் வசூலுக்காக எதிரியின் வாசலில் பட்டினியாக உட்கார்ந்து, ‘நான் செத்தால் பாவம் உன் தலையில்’ என்று மிரட்டுவதுதான் வடக்கே தர்ணா. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இதைக் குற்றமாக்கியபோது உதாரணத்திலேயே அந்தச் சொல்லை எழுதி வைத்தது. இன்று அரசாங்கத்தை எதிர்த்து நடக்கும் இரண்டு பெரிய போராட்ட வடிவங்களில் ஒன்று கடனாளியைத் தடுத்த தடுப்பின் பெயரைத் தாங்குகிறது, மற்றது கடனாளியின் வாசலிலேயே பிறந்தது. சொற்கள் கட்சி மாறுவதை இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் பார்க்க முடியாது.

வட்டம் போன பிறகு டிகிரி வந்தது. புரோநோட்டைத் தாக்கல் செய்து பிராது போட்டு, இத்தனை ரூபாய் அசல், இத்தனை வட்டி, செலவு என்று தீர்ப்பு வாங்கிவிட்டால் அடுத்தது நிறைவேற்று மனு. பணம் கட்டாதவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், அல்லது ஆளையே சிவில் ஜெயிலில் வைக்கலாம். இங்கிலாந்தில் கடனுக்குச் சிறை வைப்பதை 1869இல் பெரும்பாலும் ஒழித்துவிட்டார்கள். இங்கே அது ஒழியவில்லை. இன்றைய உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிகிரிக்கு மூன்று மாதம் வரை சிவில் ஜெயில் உண்டு. உள்ளே இருக்கும் வரை சாப்பாட்டுச் செலவை டிகிரிதாரர்தான் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஆள் வெளியே. பணத்துக்கான டிகிரியில் பெண்களைக் கைது செய்யக் கூடாது. 1936இல் வந்த திருத்தம் கோர்ட்டின் கையைக் கொஞ்சம் கட்டியது: வசதி இருந்தும் கட்டாமல் ஏய்க்கிறார் என்று காட்டினால்தான் சிறை. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சி வங்கி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை இன்னும் இறுக்கினார். கையில் இல்லாததால் கட்டாதவரைச் சிறையில் தள்ளுவது அரசியல் சட்டத்துக்கே ஒவ்வாது, கெட்ட எண்ணம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்றார்.

இந்தச் சிறை வாசலில்தான் மஞ்சள் கடுதாசி பிறக்கிறது. 1877ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே, டிகிரிக்காகக் கைதானவரோ சொத்து ஜப்தியானவரோ தன்னைத் திவாலானவர் என்று அறிவிக்கும்படி கேட்கலாம் என்று ஒரு அத்தியாயம் இருந்தது. மாகாணத் திவால் சட்டம் 1907இல் தனியாக வந்தது, 1920இல் திருத்தி எழுதப்பட்டது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் கைது பற்றிய பிரிவு இப்போதும் இருக்கிறது: பணம் கட்டாததற்காக ஒருவரைப் பிடித்துக் கொண்டுவந்தால், ‘நீ திவால் மனு போடலாம்’ என்று கோர்ட்டே அவருக்குச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் போடுகிறேன் என்று ஜாமீன் கொடுத்தால் விட்டுவிடலாம். கடைத்தெருவில் மோசடி என்று பெயர் வாங்கிய காரியத்தைச் சட்டம் கடனாளியின் காதில் ஓதிக் கொடுக்கிறது!

அமீனா வீட்டுக்கு வந்தால் எதை எடுக்கக் கூடாது என்று ஒரு பட்டியலும் உண்டு. உடுத்துகிற துணி, சமையல் பாத்திரம், கட்டில் படுக்கை, தொழில் செய்பவரின் கருவி, விவசாயியின் ஏர், மாடு, அவர் குடியிருக்கும் வீடு. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. தாலி என்று சட்டம் எழுதவில்லை, ஆனால் அதுதான். சூரியன் மறைந்த பிறகும் விடிவதற்கு முன்னும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. நிலத்தை ஜப்தி செய்தால் அந்த இடத்தில் தமுக்கு அடித்து அறிவிக்க வேண்டும். கடன்பட்டவர் பயப்படுவது ஜப்தியைவிட இந்தத் தமுக்குக்குத்தான். தெரு முழுவதும் கேட்கும். திவால் அறிவிப்பு ஆனபிறகு சொத்தெல்லாம் கோர்ட்டுக்கோ ரிசீவருக்கோ போகும்போதும் இந்தப் பட்டியலில் உள்ளவை மட்டும் கடனாளியிடமே நிற்கும்.

புவனகிரிக்காரர் ஐ.பி. போடுவதென்றால் சிதம்பரம் சப் கோர்ட்டுக்குப் போக வேண்டும். குறைந்தது 500 ரூபாய்க் கடன் இருக்க வேண்டும், அல்லது கைதாகியிருக்க வேண்டும், அல்லது ஜப்தி நிலுவையில் இருக்க வேண்டும். 1920இல் 500 ரூபாய் பெரிய தொகை; இப்போது அந்த வரம்பு இருந்தும் இல்லாததுதான். மனுவோடு இரண்டு அட்டவணை. ‘ஏ’ அட்டவணையில் யார் யாருக்கு எவ்வளவு, எந்த நோட்டு, எந்த டிகிரி. ‘பி’ அட்டவணையில் தன் சொத்து. முதலாவது பக்கம் பக்கமாகப் போகும்: உரக்கடை, அரிசி மண்டி, சொந்தக்காரர், சம்பந்தி வீட்டு வகை, நிதி நிறுவனம். இரண்டாவது சிலசமயம் நாலு வரியில் முடிந்துவிடும்: அணிந்திருக்கும் துணிகள், பாத்திரங்கள், ஒரு கைக்கடிகாரம். இந்த நாலு வரியைப் படிக்கும்போதுதான் கடன் கொடுத்தவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நிலம் எங்கே போச்சு, பொண்டாட்டி பேரில் எழுதினது என்னாச்சு, தறி ஓடிக்கொண்டிருந்ததே என்று வக்கீலைப் பிடிப்பார். அவர் கோபம் பொய்யில்லை. திவால் மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் சும்மா எழுதிக்கொடுத்த சொத்தை ரத்து செய்யலாம், மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கட்டியதையும் ரத்து செய்யலாம் என்று சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வழியில் நடந்துபோகக் காலும் காசும் வேண்டும். பேட்டா கட்டி, வாய்தா வாய்தாவாக வந்து நிற்க வேண்டும். பத்தாயிரம், இருபதாயிரம் வரவேண்டியவர் அதற்குள் அலுத்துவிடுகிறார்.

ஆனால் அட்டவணையில் பெயர் ஏறாத கடன்காரர்களும் உண்டு. தமிழ்நாடு அரசு 2003இல் கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தின் ஆங்கில மூலத்தைப் பார்க்க வேண்டும்: கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் தெருவின் சொற்கள் அப்படியே சட்டச் சொல்லாக உட்கார்ந்திருக்கின்றன. இந்தக் கடன்களுக்குப் பெரும்பாலும் டிகிரி கிடையாது, அமீனா கிடையாது. வசூல் வீட்டு வாசலில். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் இந்தக் கடற்கரையில் ஏறி, பண்ருட்டி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. முந்திரி திரும்பக் காய்க்க ஆண்டுகள் ஆகும், தண்டல்காரர் மறுநாளே வருவார். அவரிடம் போய் மஞ்சள் கடுதாசி நீட்ட முடியாது.

திவால் நமக்கு வடக்கிலிருந்து வந்த சொல். இந்தியில் திவாலா. கடனில் விழுந்தவர் திவாலியா. அதன் வேர் விளக்கு என்று சொல்லப்படுவதுண்டு. கணக்கு முறிந்த வணிகர் தன் கடையில் பெரிய விளக்கொன்றை ஏற்றி வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார், கடன்காரர்கள் கணக்கைப் பார்த்துப் பங்கு பிரித்துச் சமாதானமான பிறகு திரும்பி வருவார் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. தீபாவளிக்கும் திவாலுக்கும் ஒரே விளக்கு என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வேரை மறுப்பவர்களும் உண்டு. இலங்கையில் திவால் என்ற சொல் அதிகம் எடுபடவில்லை. அங்கே வங்குரோத்து. டச்சுக்காரரின் பங்க்ரூட் என்ற சொல் அவர்கள் சட்டத்தோடு கரையேறி நின்றுவிட்டது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தபோது நாடே வங்குரோத்து என்றுதான் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதின. டச்சுக்காரர்கள் பரங்கிப்பேட்டையிலும் பண்டகசாலை போட்டுத் துணி வாங்கியவர்கள்தான். ஆனால் அவர்கள் சட்டம் இங்கே ஆளவில்லை, சொல்லும் தங்கவில்லை.

கடன்பட்டவர் பக்கம் நின்று பேசும் ஒரே சொல் நொடித்தல். ‘வியாபாரம் நொடிச்சுப் போச்சு’, ‘கை நொடிஞ்சு போனார்’. இதில் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, ஏதோ ஒன்று ஒடிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆட்சித்தமிழ் நொடிப்பு நிலை என்று இதைத்தான் எடுத்துக்கொண்டது. விடுவிப்புப் பெறாத நொடிப்பாளர் எம்.எல்.ஏ., எம்.பி. ஆக முடியாது என்ற அரசியல் சட்ட விதியைத் தமிழில் சொல்லும்போது வருவது இந்தச் சொல்தான். சரியான தேர்வு. ஆனால் சிதம்பரம் கோர்ட் வாசலில் டீ குடிக்கும் யாரும் ‘நொடிப்பாளர்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சென்னையில் 1906 அக்டோபர் 22ஆம் தேதி அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியபோது மாகாணம் முழுக்கப் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. அந்தச் சூட்டில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் முயன்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். பெரிய ஆள் விழுந்ததற்கு ஒரு பேங்க் முளைத்தது. சின்ன ஆள் விழுந்தால் முளைப்பது ஒரு பட்டப்பெயர். அது மகன் பெண் பார்க்கப் போகிற வீடு வரைக்கும் கூடவே போகும்.

இப்போது மஞ்சள் கடுதாசி என்ற பெயரும் மங்கிக்கொண்டு வருகிறது. காரணம் கடனாளிகள் குறைந்தது அல்ல, கடன் கொடுப்பவர்கள் உஷாரானது. புரோநோட்டு எழுதி வாங்கும் இடத்தில் இன்று கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை வாங்குகிறார்கள். 1989 ஏப்ரல் முதல் செக் திரும்பினால் அது குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, தொகையைப் போல இருமடங்கு வரை அபராதம். ஐ.பி. காப்பாற்றுவது சிவில் டிகிரியிலிருந்துதான், செக் கேஸிலிருந்து இல்லை. இருபத்தைந்து வயதுக்காரர்களிடம் மஞ்சள் கடுதாசி என்றால் யோசிக்கிறார்கள். ‘செக் கேஸ்’ என்றால் உடனே புரிகிறது.

இன்னொரு பக்கம் 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு வந்தது. கம்பெனிகளுக்கு அது ஓடிக்கொண்டிருக்கிறது. தனியாட்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் தேதி குறிக்கப்படவில்லை. குறித்தால் 1920 சட்டம் போய்விடும். மனு சிதம்பரத்தில் போட முடியாது, கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னை, கோவை, மதுரையில்தான் இருக்கிறது. கட்ட முடியாது என்று சொல்வதற்கே பஸ் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அந்தத் தொகுப்பில் ‘புதிய தொடக்கம்’ என்று ஒரு நடைமுறை எழுதியிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000க்குள், தகுதியுள்ள கடன் 35,000க்குள், சொந்த வீடு கிடையாது. அப்படிப்பட்டவருடைய கடனைத் தள்ளி விடுவிக்கலாம். மகளிர் குழுவில் ஒரு சுற்றுக் கடன் வாங்கினாலே தாண்டிவிடும் தொகை, ஆனாலும் எண்ணம் நல்ல எண்ணம். விடுவிப்பு 1920 சட்டத்திலும் உண்டு. திவால் அறிவிப்பு வந்ததும் குறிப்பிட்ட காலத்துக்குள் தனியாக மனுப்போட்டு அதை வாங்க வேண்டும். வாங்கினால் பெரும்பாலான கடன்கள் தீரும். சர்க்காருக்குத் தரவேண்டியது தீராது, மனைவிக்கு ஜீவனாம்சம் தீராது, ஏமாற்றி வாங்கினது தீராது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின் பொறுப்பும் தீராது. அவர் பாடு அவர் பாடு. அந்தக் காலத்துக்குள் மனுப்போடாவிட்டால் திவால் அறிவிப்பே ரத்தாகும், பழைய டிகிரிகள் எல்லாம் எழுந்து உட்காரும்.

நிறையப் பேர் இரண்டாவது மனுவைப் போடுவதில்லை. முதல் மனுவுக்கு ஊரில் மஞ்சள் நிறத்தோடு ஒரு பெயர் இருக்கிறது. இரண்டாவதற்கு வக்கீல் குமாஸ்தா சொல்லும் ‘டிஸ்சார்ஜ்’ தவிர வேறு பெயரே கிடையாது. டிஸ்சார்ஜ் வாங்காதவர் அதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை என்று 72ஆம் பிரிவு சொல்கிறது. 1920இல் எழுதிய அந்த 50 ரூபாய் இன்னும் மாறவில்லை. புவனகிரி பஸ் நிலையத்தில் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கணக்கில் எழுதச் சொன்னாலே தாண்டிவிடும்.